உங்களுக்குத் தெரியுமா? மதகு திறந்தால் மின்சாரம்

● புதுச்சேரியின் பாகூர் கொம்யூனின் கடலோரத்தில் நரம்பை என்றொரு மீனவக் கிராமம் இருக்கிறது. அந்தப் பெயருக்கும் இந்தப் பக்கத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் நரம்பு என்ற சொல்லை நாம் படுத்தும் பாடு இருக்கிறதே! ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் ஏற்றும்போது, “நரம்பு கிடைக்கலம்மா, கையை நல்லா மூடு” என்று சிஸ்டர் சொல்வது ரத்தக்குழாயை. ராத்திரியில் கெண்டைக்காலில் “நரம்பு சுண்டி இழுத்தால்” அது தசை. சுவர் விளம்பரங்களில் வரும் “நரம்புத் தளர்ச்சி”க்கும் நரம்பியல் மருத்துவத்துக்கும் தூரம் அதிகம். நிஜ நரம்பு வெள்ளையாக, முறுக்கிய நூல்கயிறு போல இருக்கும். முழங்கை கதவில் இடித்ததும் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஷாக் அடிக்கிறதே, அப்போது இடிபட்டதுதான் அசல் நரம்பு.

● உங்கள் கால் கட்டைவிரலை அசைக்கும் நரம்பு செல்லின் உடல் கீழ்முதுகுத் தண்டுவடத்தில் இருக்கிறது. வால் கால்விரல் வரை நீள்கிறது. ஒரே செல், நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர்! செல்லின் உடலோ மிஞ்சினால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதை ஒரு அடி அகலப் பூசணிக்காயாகப் பெருக்கி வில்லியனூர் தேரடியில் வைத்தால், வால் 3 கிலோமீட்டர் ஓடி ஊசுட்டேரிப் பக்கம் போய் நிற்கும்.

● வீட்டு ஒயரில் ஓடுவது எலக்ட்ரான். நரம்பில் ஓடுவது உப்பு. மரக்காணம் உப்பளத்தில் வாருகிறார்களே, அந்த உப்பில் பாதியான சோடியம்; கூடவே இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கும் பொட்டாசியம்.

இதைப் புரிந்துகொள்ளப் பாகூர் ஏரிக்கரையில் நின்றால் போதும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்காலில் வந்த தண்ணீர் ஏரியில் முட்டி நிற்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் வயல். மதகு மூடியிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. ஆனால் திறந்த கணமே பாய்வதற்குத் தண்ணீர் தயார். நரம்பு செல் சும்மா இருக்கும்போதும் இதே நிலைதான். வெளியே சோடியம் உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட முப்பது மடங்கு அளவுக்கு. இந்த ஏற்றத்தாழ்வால் செல்லின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் குறைவாக நிற்கிறது. டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குதான், அற்பம் என்று தோன்றும். ஆனால் அந்த வோல்ட் நிற்கும் கரை, அதாவது செல்லின் தோல், வெறும் 5 நானோமீட்டர் தடிமன். கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட் என்று வருகிறது. உயரழுத்தக் கம்பியே வெட்கப்படும்.

தூண்டல் வந்ததும் சோடிய மதகுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே கொட்டுகிறது. உட்பக்கம் கழித்தலிலிருந்து கூட்டலுக்குத் தாவி 40 மில்லிவோல்ட்டைத் தொடுகிறது. உடனே அந்த மதகுகள் தாமே அடைத்துக்கொள்ள, பொட்டாசிய மதகுகள் திறந்து நிலைமையைப் பழையபடி ஆக்குகின்றன. எல்லாம் முடிய ஆயிரத்தில் ஒரு நொடி அல்லது சற்றுக் கூடுதல்.

● ஏரிப்பாசனத்தில் தலைமடைக்காரருக்குக் கொண்டாட்டம், கடைமடைக்காரருக்குத் திண்டாட்டம். பாகூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நரம்பில் மட்டும் இந்த வழக்கே கிடையாது! ஓர் இடத்தில் மதகு திறந்தால் அந்த அதிர்வில் அடுத்த மதகு திறக்கிறது, அதனால் அதற்கடுத்தது. ஒவ்வோர் இடத்திலும் புதுச் சோடியம் பாய்வதால், முதுகில் கிளம்பிய 110 மில்லிவோல்ட் துடிப்பு கால்விரலுக்கும் அதே அளவில் போய்ச் சேர்கிறது. கடைமடைக்கும் முழுப் பங்கு. திறந்து மூடிய மதகு சிறிது நேரம் மறுபடி திறக்க மறுப்பதால் துடிப்பு வந்த வழியே திரும்புவதும் இல்லை.

● பெரிய வலிக்குப் பெரிய துடிப்பு, சின்ன வலிக்குச் சின்னத் துடிப்பு என்று நினைத்தால் தப்பு. எறும்பு கடித்தாலும் கடப்பாரை விழுந்தாலும் துடிப்பின் உயரம் ஒன்றே. எத்தனை நரம்புகள், நொடிக்கு எத்தனை துடிப்புகள் என்பதில்தான் வித்தியாசம்.

● உள்ளே வந்த சோடியத்தை இறைத்து வெளியே கொட்ட ஒவ்வொரு செல்லிலும் மோட்டார் உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதை டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டின் கால் நரம்பில் கண்டுபிடித்து 1957இல் எழுதினார்; நோபல் கிடைத்ததோ 1997இல். நாற்பது வருஷக் காத்திருப்பு! மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு ஓய்வாக இருக்கும்போது செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதில் பெரும்பகுதி இந்த இறைப்பு வேலைக்கும் அதைச் சார்ந்த வேலைகளுக்கும் போகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் பசிப்பதில் நியாயம் இருக்கிறது.

● நரம்பு மின்சாரத்தின் கணக்கை நமக்குக் காட்டிக்கொடுத்தது மீன் மார்க்கெட்டில் நாம் வாங்கும் ஊசிக்கணவாயின் சொந்தக்காரக் கணவாய். ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சித் தப்பிக்க அதற்கு ஒரு தடித்த நரம்பிழை உண்டு. ஒரு மில்லிமீட்டர் பருமன் வரை இருக்கும். நம்முடையதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு தடிமன் என்பதால் உள்ளேயே கம்பி நுழைத்து அளக்கலாம். இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதைத்தான் செய்தார்கள். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டரை அப்போது மாற்றியமைத்துக்கொண்டிருந்ததால், துடிப்பின் வடிவத்தைக் கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் வாரக்கணக்கில் சுற்றியே கண்டுபிடித்தார் ஹக்ஸ்லி. கட்டுரைகள் வந்தது 1952இல், நோபல் 1963இல். அடுத்த முறை கணவாய்த் தொக்கு சாப்பிடும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

● நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1850 வாக்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலில் அளந்தே காட்டினார்: நொடிக்கு 27 மீட்டர் போல.

நம் உடம்பில் ஒரே வேகம் இல்லை. தசைகளோடு தொடர்புடைய தடித்த நரம்பிழைகளில் நொடிக்கு 120 மீட்டர் வரை போகும், அதாவது மணிக்கு 432 கிலோமீட்டர். இவற்றுக்கு ஒயர் மேல் பிளாஸ்டிக் உறை போலக் கொழுப்பு உறை உண்டு; உறையின் இடைவெளிகளில் மட்டுமே மதகுகள் என்பதால் துடிப்பு தாவித் தாவி ஓடும். எரியும் வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளுக்கு உறையே இல்லை. வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், நாம் நடக்கும் வேகம்!

நடவு வயலில் இறங்கிய பெண்ணின் காலில் சில்லு குத்துகிறது என்று வையுங்கள். வரப்போரம் வீசிவிட்டுப் போகும் குவார்ட்டர் பாட்டில்களைப் பற்றி நடவு ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், காது புளிக்கும். குத்தியது உடனே தெரிகிறது. கால் தானாகத் தூக்கிக்கொள்கிறது. “ஐயோ” என்று குனிந்து பார்த்த பிறகுதான் எரிச்சல் மெதுவாக ஏறி வருகிறது. அந்த ஒரு நொடி இடைவெளி கற்பனையல்ல. இரண்டு தபால்கள், இரண்டு வேகங்கள்.

● மின்சாரம் உடம்புக்குள் உண்டு என்று முதலில் நிரூபித்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர். ஜான் வால்ஷ், 1726இல் ஜார்ஜ் கோட்டையில் பிறந்து, ராபர்ட் கிளைவுக்குச் செயலாளராக இருந்தவர். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களோடு மல்லுக்கட்டிய கிளைவின் ஆள், ஓய்வுக்குப் பின் 1772இல் பிரான்ஸின் லா ரொஷெல் கரைக்கே போய், தொட்டால் கை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கையை ஆராய்ந்தார். உலோகத்தில் பாய்கிறது, கண்ணாடியில் பாயவில்லை; ஆக இது மின்சாரமேதான் என்றார். அதற்காக ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. கிளைவின் கணக்குவழக்கில் கிடைத்த காசைவிட இது மேல் என்பது என் கட்சி.

நம் கரையிலும் மின்திருக்கை உண்டு. தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒன்றுக்கு 1801இல் வைத்த ‘திம்லெய்’ என்ற பெயர், ‘நார்சினே திம்லெய்’ என்ற இன்றைய அறிவியல் பெயரிலும் நிற்கிறது. காதில் விழும்போது நம்ம ஊர்ச் சொல்லாகவே படுகிறது.

● இறந்த தவளையின் கால் உலோகம் பட்டதும் உதறியதைப் பார்த்து ‘விலங்கு மின்சாரம்’ பற்றி இத்தாலியின் கால்வானி எழுதியது 1791இல். தவளைக்காலை ஏற்றுமதி செய்வதை இந்தியா தடை செய்தது 1987இல். வயலில் பூச்சி தின்ன ஆள் வேண்டுமே!

● வரப்போரத் தொட்டாற்சுருங்கிக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஆனாலும் தொட்டதும் மின்துடிப்பு ஓடித்தான் இலை மடிகிறது. அதை நுணுக்கமான கருவிகள் செய்து அளந்தவர் ஜகதீஷ் சந்திர போஸ். ‘தாவரங்களின் நரம்பு இயக்கம்’ என்றே 1926இல் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். அன்றைக்குப் பலர் சிரித்தார்கள்.

● மிளகாய் உண்மையில் சுடுவதில்லை. சூட்டை உணரும் நரம்பு முனையில் உள்ள மதகு ஒன்றை அதன் காரப்பொருள் திறந்துவிடுகிறது. மூளை “நெருப்பு” என்று நம்பி வியர்க்க வைக்கிறது. 1997இல் அந்த மதகைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல். பறவைகளின் மதகை மிளகாயால் திறக்க முடியாது. கிளி அத்தனை சாவகாசமாகக் கொறிப்பது அதனால்தான்.

● சாயங்காலம் ஆனால் ஊசுட்டேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கொசுவத்தி ஏற்றாத வீடு அபூர்வம். அதிலுள்ள பைரித்திராய்டு மருந்து கொசுவின் சோடிய மதகை மூட விடாமல் பிடித்து வைக்கிறது. துடிப்பு மேல் துடிப்பாக உதறி உதறிக் கொசு விழுகிறது. இந்த மருந்தின் மூதாதை, சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் தூள். நம் மதகுகள் இதற்கு அவ்வளவு மசிவதில்லை. உள்ளே போனதை ஈரலும் சீக்கிரம் உடைத்துவிடும்.

“இப்பல்லாம் வத்திக்கே கொசு சாவறதில்ல” என்ற புகாரிலும் உண்மை உண்டு. மதகுப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், மருந்து பிடிமானம் இழக்கிறது. அத்தகைய கொசுக்கள் பிழைத்துப் பெருகுகின்றன. கொசு போன்ற நோய் பரப்பும் உயிரிகளை ஆராயவென்றே 1975 முதல் இயங்கும் மத்திய நிறுவனம், நோய்க்கடத்தி உயிரி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், நம் புதுச்சேரியில்தான் இருக்கிறது. நரம்பைத் தொடாமல் கொசுப் புழுவின் குடலை மட்டும் அழிக்கும் பாக்டீரியா மருந்தையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள்.

● அதே சோடிய மதகைக் குறிவைக்கும் இன்னொருவர் செந்தேள். அறிவியல் பெயரிலேயே ‘தாமுலஸ்’ என்று தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கிறது! விஷம் மதகைத் திறந்தே வைக்க, நரம்புகள் வெறிபிடித்து அட்ரினலினைக் கொட்டவைக்கும். வியர்த்துக் கொட்டி, கைகால் சில்லிட்டு, இதயம் தவிக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்த அழுத்த மாத்திரையான பிரசோசினைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். 2022இல் பத்மஸ்ரீ. ஜிப்மர் மருத்துவர்களும் தேள்கடிக் குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்து எழுதியிருக்கிறார்கள்.

● பேத்தை மீனின் விஷம் நேர் எதிர். மதகை வெளியிலிருந்து அடைத்துவிடும். உதடு மரத்து, கைகால் துவண்டு, கடைசியில் மூச்சுவிடும் தசை நிற்கும். நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். வேகவைத்தாலும் விஷம் போகாது. வலையில் வயிறு உப்பிய பேத்தை வந்தால் மீனவர்கள் கடலிலேயே வீசுவது அனுபவ அறிவு. பல் பிடுங்கும்போது போடும் மரத்துப்போகும் ஊசியும் இதே மதகைத்தான் அடைக்கிறது. ஓர் இடத்தில், சில மணி நேரத்துக்கு மட்டும்.

● தேர்த் திருவிழாக் கூட்டம் ஒன்றில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்தது. “இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க” என்று நாலு பேர் கத்த, அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நானும் வண்டிச் சாவியை நீட்டியவன்தான். ஒன்றரை நிமிஷத்தில் உதறல் நின்றது. சாவிக்குப் புகழ் சேர்ந்தது.

நடந்தது என்ன? மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். சாதாரணமாக அவை சந்தைக்கடை மாதிரி ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பெருங்கூட்டம் ஒரே தாளத்தில் கத்த ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானே அடங்கும். கையில் சாவி இருந்தாலும் அடங்கும், கத்தரிக்காய் இருந்தாலும் அடங்கும். செய்ய வேண்டியது: சுற்றியுள்ள கூரான பொருளை விலக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணியைப் பார்ப்பது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது. 5 நிமிடம் தாண்டினால் 108.

● ஒரு நரம்பு செல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நூலிழையிலும் மெல்லிய இடைவெளி உண்டு. பெரும்பாலும் அங்கே கரண்ட் தாண்டாது, ரசாயனம்தான் தாண்டும். இதை நிரூபிக்கும் சோதனை ஆஸ்திரியாவின் ஓட்டோ லோவிக்குக் கனவில் வந்தது. எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் தம் கையெழுத்து தமக்கே புரியவில்லை! மறுநாள் இரவு அதே கனவு. இந்த முறை எழுந்து நேரே ஆய்வுக்கூடம் போய்த் தவளை இதயத்தில் செய்து முடித்துவிட்டார். நோபல் 1936இல்.

அசிடைல்கோலின் என்ற அந்த ரசாயனம்தான் நம் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிறது. வேலை முடிந்ததும் அதை உடனே துடைக்க ஒரு நொதி உண்டு. வயலுக்கு அடிக்கும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் பல அந்த நொதியைத்தான் கெடுக்கின்றன. மருந்தடித்த பிறகு எச்சில் ஊறி, கண் பாப்பா சுருங்கி, தசை துடித்தால் ‘வெயில்’ என்று மோர் குடித்துப் படுத்துவிட வேண்டாம். உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

● அந்த இடைவெளியில்தான் பாம்புகளும் கைவரிசை காட்டுகின்றன. நல்ல பாம்பின் விஷம் அசிடைல்கோலின் வந்து சேரும் பூட்டை அடைக்கும். கட்டுவிரியன் அதோடு விடாது. ரசாயனத்தை அனுப்பும் நரம்பு முனையையே அழித்துவிடும். முனை மறுபடி வளரும்வரை சில சமயம் நாள்கணக்கில் செயற்கை சுவாசம் தேவைப்படும். கட்டுவிரியன் இனத்தின் அறிவியல் பெயர் ‘பங்காரஸ்’. பொன் என்று பொருள்படும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. நம் பங்காரு வாய்க்காலில் இருப்பதும் அதே சொல்.

நாலு வகை விஷப்பாம்புகளுக்கும் ஒரே மருந்தாகக் கொடுக்கும் விஷமுறிவு ஊசிக்கு விஷம் எடுத்துத் தருபவர்களில் முக்கியமானவர்கள் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். அதைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிறது. பல் பட்ட தடம் தெரியாது, வலி இருக்காது, வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, அப்புறம் கண் இமை தூக்க முடியாமல் சரிவது, பேச்சு குழறுவது, எச்சில் விழுங்க முடியாதது. இதைக் கண்டால் பாம்பைத் தேடாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். ஆளை அசையாமல் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். கொசுவுக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஆச்சு.